போல்ட் கேட்டு ஸ்டோருக்கு வருபவர்களுக்கு

பெங்களூரு ஜக்கூரில் சின்ன விமானங்கள் நிற்கும் ஒரு ஹேங்கரின் ஸ்டோர் சாவி என்னிடம் இருக்கிறது. கேஜிஎஃப் ரயிலைப் பிடித்து வேலைக்கு வரும் புதுப் பையன்கள் கழற்றிய போல்ட்டைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி ரெண்டு குடுங்க" என்பார்கள். கொடுக்க மாட்டேன். முன்னால் போட்டவர் சரியானதைத்தான் போட்டார் என்பதற்கு என்ன சாட்சி? அந்த விமானத்தின் பார்ட்ஸ் கேட்டலாக்கைத் திறந்து, அந்த இடத்துக்கு உரிய எண்ணோடு வாருங்கள்.

எண்ணைப் படிப்பது சுலபம். ஏஎன்4-7ஏ என்று வைத்துக்கொள்வோம். ஏஎன் என்பது விமான போல்ட்டுகளுக்கான அமெரிக்கத் தர வரிசையின் பெயர். 4 என்பது தண்டின் விட்டம்: அங்குலத்தில் பதினாறில் நான்கு பங்கு, அதாவது கால் அங்குலம். 7 என்பது நீளம், எட்டில் ஏழு பங்கு, சுமாராக. கடைசியில் ஏ இருந்தால் தண்டில் காட்டர் பின்னுக்கு (நட் கழலாமல் குறுக்கே செருகி மடக்கும் கம்பி) துளை கிடையாது. 7-க்கு அடுத்து 8 வராது, 10 வரும். ஒரு முழு அங்குலம் என்று பொருள். 12 என்றால் ஒன்றேகால். இது தெரியாமல் "ஒன்பது இருக்கா?" என்று கேட்பவர்களும் உண்டு.

ஆனால் நீளத்தைவிட எனக்கு முக்கியம் கிரிப். தலைக்கும் மரைக்கும் நடுவில் வழவழப்பாக இருக்கும் பகுதி அது. இணைக்கிற தகடு, பிராக்கெட் எல்லாம் சேர்ந்து என்ன தடிமனோ, கிரிப்பும் அவ்வளவு இருக்க வேண்டும். வெர்னியரால் அளந்துவிட்டு அட்டவணையைப் பாருங்கள். கண் மதிப்பு வேண்டாம். கிரிப் குறைந்தால் மரை துளைக்குள் போய் உட்காரும். சுமை முழுக்க மரையின் கூர் நுனிகளில் விழும், அலுமினியத் துளை நீள்வட்டமாகத் தேயும், மரையின் அடியில்தான் விரிசலும் தொடங்கும். கிரிப் அதிகமானால் வேறு வம்பு. நட் மரை தீர்ந்த இடத்தில் முட்டி நின்றுவிடும். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், போதும் என்று 'டிக்' சொல்லும், தகடுகளோ உள்ளே தளர்வாகவே இருக்கும். கொஞ்சம் அதிகமென்றால் வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் வேறு போல்ட் எடுக்க வேண்டியதுதான்.

ஊருக்குள் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்காத போல்ட் இல்லை. என் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு அங்கேதான் வாங்குகிறேன். விமானத்துக்கு வேண்டாம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் விமானங்களில் அதிகம் வரும் சின்ன மரை 10-32. விட்டம் 4.83 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.794. கடையில் கிடைக்கும் மெட்ரிக் அளவான எம்5-க்கு விட்டம் 5, இடைவெளி 0.8. 10-32 திருகில் எம்5 நட் வெண்ணெய் போல ஏறிவிடும், பிடிமானம்தான் இருக்காது. எம்5 திருகை 10-32 நட்பிளேட்டில் (தகட்டிலேயே பொருத்திய நட்) முடுக்கினால் கொஞ்சம் ஏறி இறுகிக்கொள்ளும். அப்புறம் நட்பிளேட்டையே மாற்ற வேண்டும்.

"கார் போல்ட் இதைவிட ஸ்ட்ராங், அக்கா." தெரியும். ஏஎன் எஃகு போல்ட்டின் இழுவிசை வலிமை சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு. கிரேடு 8 கார் போல்ட்டுக்கு 1,50,000. ஆனால் கடை போல்ட்டில் மரை அதிக நீளத்துக்கு வெட்டியிருக்கும், கிரிப் கணக்கே உதைக்கும். அதற்குப் பேப்பரும் கிடையாது. என் அலமாரிக்குள் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தயாரித்தவரின் சான்றிதழ் இருக்கும். இல்லாதது சிவப்பு அட்டை கட்டித் தனிப் பெட்டிக்குப் போகும், எவ்வளவு பளபளத்தாலும் சரி.

நட் எடுக்கும்போது இரண்டு கேள்வி. அந்த இணைப்பில் போல்ட் சுழலுமா? சுழலும் என்றால் கேசில் நட்டும் (பின் செருக மேலே வெட்டு உள்ளது) காட்டர் பின்னும். தானாகப் பூட்டும் நட் கூடாது. சூடான இடமா? நைலான் வளையம் வைத்த நட் 121 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஃபயர்வாலுக்கு, அதாவது இன்ஜினைக் கேபினிலிருந்து பிரிக்கும் தடுப்புக்கு முன்னால், இன்ஜின் பக்கம், முழு உலோக நட் மட்டுமே. கழற்றிய நைலான் நட் விரலாலேயே மரையில் ஓடினால் தூக்கிப் போடுங்கள். கால் அங்குல நட்டை மரையில் ஓட்டவே குறைந்தது 3.5 அங்குல-பவுண்டு விசை வேண்டும். அந்த இழுவையை அளந்து, மேனுவல் சொல்லும் டார்க்கோடு கூட்டித்தான் ரெஞ்சில் வைக்க வேண்டும்.

தலையில் உள்ள குறியையும் ஒரு பார்வை பாருங்கள். நட்சத்திரமோ சிலுவையோ இருந்தால் எஃகு. ஒரு கோடு துருப்பிடிக்காத எஃகு, இரண்டு கோடு அலுமினியம். மஞ்சள் நிறத்தில் மின்னுவது கேட்மியம் பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி விஷம்.

ஃபேரிங் (காற்று வழுக்கிப் போக வைக்கும் மூடி), கவுலிங் (இன்ஜின் மூடி) திருகுகளில் பெரும்பாலும் அழிவது தலைதான். குறுக்குப் பள்ளம் கொஞ்சம் வழுக்க ஆரம்பித்தாலே புதுசு கேளுங்கள், தருகிறேன். குழிந்து உட்காரும் தலை என்றால் 100 டிகிரி சரிவு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 90 அல்லது 82, அது சரிவில் முழுதாகப் படியாது. பெயின்ட் அடித்த பாகங்களுக்கு நைலான் வாஷர் கீழ் இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு ரிஜிஸ்டரில் எழுதிவிடுங்கள்.