பழைய பைக்கில் கார்புரேட்டர் கசிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், தாத்தா ஓட்டிய 1993ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கிக்கர் பாதியிலேயே நின்றுவிடுகிறது, மிதித்தால் இறங்க மறுக்கிறது என்றார். குனிந்து பார்த்தபோது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடியிலிருந்து தொங்க வேண்டிய ஓவர்ஃப்ளோ குழாய் இரண்டாக மடிக்கப்பட்டுக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்ததால் கட்டியதாகவும், அன்றிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை என்றும் அவர் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதையேதான் செய்தேன். பழைய வண்டிகளை வாங்கித் தாமே பழுதுபார்க்க முனைகிறவர்கள் இன்றும் இதைச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகே இதை எழுதத் தோன்றியது.

பெட்ரோலுக்கு அருகில் பீடி பற்ற வைக்கக் கூடாது, தொட்டியின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பை மூடாமல் கார்புரேட்டரைக் கழற்றக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கசிவது எங்கே என்று பார்க்காமலே கழற்றுவது

பெட்ரோல் கசியும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டேப்பின் வாஷரிலிருந்து கசியும் பெட்ரோல் குழாய் வழியே வழிந்து, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தைச் சுற்றி வந்து, அதன் அடிப்பகுதியில் சொட்டாகத் திரளும். அதைக் கண்டு கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, இணைப்பை அடைக்கும் புதிய கேஸ்கெட் போட்டு மாட்டியவர்கள், மறுநாள் காலையில் அதே இடத்தில் ஈரத்தைக் கண்டு சோர்ந்து போவார்கள்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்குவதால், நல்ல கார்புரேட்டரும் சில வேளைகளில் சொட்டும். பிறகு டேப்பிலிருந்து கிண்ணத்தின் அடிவரை துணியால் நன்கு துடைத்து, முகப் பவுடரை மெல்லத் தூவிவிட்டு, டேப்பைத் திறந்து பத்து நிமிடம் காத்திருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் எந்த இடம் கறுத்து நனைகிறதோ அதுதான் கசியும் இடம். கிண்ணத்தின் இணைப்பில் நனைந்தால் கேஸ்கெட்டையும், அடித் திருகைச் சுற்றி நனைந்தால் அதன் ரப்பர் வளையத்தையும் (ஓ-ரிங்) பாருங்கள். வெளிப்புறம் எங்கும் நனையாமல் ஓவர்ஃப்ளோ குழாயின் முனையில் மட்டும் சொட்டினால், பழுது கிண்ணத்தின் உள்ளே இருக்கிறது.

ஓவர்ஃப்ளோ குழாயை அடைப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைய நிறைய ஃப்ளோட் என்னும் மிதவை மேலே எழும்பி, தன் நாக்கினால் நீடில் என்னும் கூம்பு முனை ஊசியைத் தள்ளி, பெட்ரோல் உள்ளே வரும் துளையை மூடுகிறது. நீடில் சரியாக மூடாமல் போனால் கிண்ணத்தில் மட்டம் உயர்ந்துகொண்டே போகும். அப்படி உயரும் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் பாதையை எட்டுவதற்கு முன்பே வெளியே வழிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான், கிண்ணத்தின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு மெல்லிய பித்தளைக் குழலை நிறுத்தி, அதன் வாயை வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலே வைத்திருக்கிறார்கள். அந்தக் குழலின் மறுமுனையே நாம் வெளியே பார்க்கும் ஓவர்ஃப்ளோ குழாய். அது சொட்டுகிறது என்றால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்றும், அந்தக் கேடு எஞ்சினை எட்டாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்றும் பொருள்.

அதை அடைத்துவிட்டால் பெட்ரோலுக்கு வேறு வழி வேண்டும். மட்டம் மேலும் உயர்ந்து, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளின் வழியே காற்றுப் பாதைக்குள் பொங்கி, எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வழியும். ஏர் ஃபில்டர் பெட்டி தாழ்ந்திருந்தால் ஃபில்டர் நனைவதோடு போயிற்று. எஞ்சின் பக்கம் தாழ்ந்திருந்தால் பெரிய செலவுதான்.

நான் அடைத்தது எங்கள் வீட்டு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரின் குழாயை. திண்ணையின் சிவப்புத் தரையில் தினமும் பெட்ரோல் கறை படிந்ததால், ஒரு சிறு திருகை எடுத்து ரப்பர் குழாயின் முனையில் முறுக்கிவிட்டேன். கறை நின்றது. அந்த வண்டியில் சிலிண்டர் ஏறக்குறையக் கிடைமட்டமாகப் படுத்திருக்க, கார்புரேட்டர் அதற்கு மேலே இருக்கிறது. இரவில் டேப்பை மூடும் பழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. நீடிலைத் தாண்டி வந்த பெட்ரோல் ஒவ்வோர் இரவும் எஞ்சினுக்குள் செல்லும் இன்டேக் பாதை வழியே சரிந்து, பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் இறங்கி, எஞ்சின் ஆயிலோடு கலந்துகொண்டிருந்தது.

அளவைக் கணக்குப் பார்த்தால் விபரீதம் புரியும். ஒரு மில்லிலிட்டருக்கு 50 சொட்டு என்றும், இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்றும் வைத்துக்கொண்டாலே, எட்டு மணி நேரத்தில் 14,400 சொட்டுகள், அதாவது கால் லிட்டருக்கும் மேல். அந்த எஞ்சின் கொள்ளும் ஆயிலோ ஒரு லிட்டரைத் தாண்டாது. மூன்றே வாரத்தில் எஞ்சினின் தலைப் பகுதியில் டக் டக் என்று ஓசை கேட்கத் தொடங்கியது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. விரல்களுக்கு இடையில் தேய்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர்போல ஓடியது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. ஆயில் கூடியிருக்கிறதே, நல்லதுதானே என்று எண்ணி மேலும் நான்கு நாள் ஓட்டியதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரித்தபோது வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் முகடுகள் வரி வரியாகத் தேய்ந்திருந்தன, ராக்கர் ஆர்ம்கள் குழிந்திருந்தன, கிராங்கின் பெரிய பேரிங்கும் ஆடியது. நீடிலுக்கும் அது போய் அமரும் துளை விளிம்பான இருக்கைக்கும் இடையில் சிக்கியிருந்த ஒரே ஒரு துருத் துணுக்கை அன்றே எடுத்திருந்தால் ஒரு பைசா செலவில்லை.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் ரீட் வால்வைக் கடந்து நேரே பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் நிறைகிறது. பேரிங்குகளின் மேலுள்ள ஆயில் படலத்தையும் கழுவிவிடுகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால்தான் அந்த மாணவரின் கிக்கர் பாதியில் நின்றது. அந்த நிலையில் கியரைப் போட்டுச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்ய முயன்றால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடே வளைந்துபோகக்கூடும். செய்ய வேண்டியது இதுதான்: சாவியை அணைத்து, டேப்பை மூடி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் கேப்பைத் துளையிலிருந்து நன்றாக விலக்கி வைத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி உள்ளே நிற்கும் பெட்ரோலை வெளியேற்றுங்கள். துளையிலிருந்து அது பீய்ச்சியடிக்கும் என்பதால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அருகில் ஒரு தீப்பொறிகூட இருக்கக் கூடாது.

இந்தத் தவறு மீண்டும் மீண்டும் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில வண்டிகளில் நீடில் நன்றாகவே இருக்கும். நிற்கும் பித்தளைக் குழலில் மட்டும் மயிரிழை அளவு விரிசல் விட்டிருக்கும். அத்தகைய வண்டியில் வெளிக் குழாயை அடைத்தால் சொட்டுவதும் நிற்கும், எஞ்சினுக்கும் உடனடியாக எதுவும் ஆகாது. அடைத்தேன், இரண்டு ஆண்டுகளாக நன்றாக ஓடுகிறது என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். என்றோ ஒரு நாள் நீடிலில் தூசி சிக்கும்போது பெட்ரோல் வெளியேறுவதற்கான ஒரே வழியும் அடைபட்டிருக்கும். அவர்கள் சொன்னதை நம்பி, நீடில் கெட்ட வண்டியில் அடைத்தவருக்கோ முதல் இரவே சேதம் தொடங்கிவிடும்.

நீடிலையே மாற்றிக்கொண்டிருப்பது

மேலே சொன்ன விரிசலைக் கண்டுபிடிக்காமல் மூன்று, நான்கு நீடில்களை மாற்றியவர்களை நான் அறிவேன். கிண்ணத்தைத் தனியே கழற்றி, அடித் திருகை இறுக்கி, குழலின் வாய்க்குச் சற்றுக் கீழ்வரை பெட்ரோல் ஊற்றி, இரண்டு மரத்துண்டுகளின் மேல் நிறுத்தி, கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்துவையுங்கள். பத்து நிமிடத்தில் தாள் நனைந்தால் நீடிலுக்கும் அந்தக் கசிவுக்கும் தொடர்பே இல்லை; குழலில் விரிசல் இருக்கிறது, அல்லது அடித் திருகு சரியாக மூடவில்லை.

தாள் காய்ந்தே இருந்தால் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் அதைச் சூடான தண்ணீரில் அமிழ்த்துங்கள், ஓட்டை உள்ள இடத்திலிருந்து குமிழ் வரும். அதன் பிறகே நீடிலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதன் கூம்பு முனையில் மோதிரம்போல ஒரு தடம் பதிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இருக்கையை எமரித் தாளால் தேய்ப்பது

செய்யாதீர்கள். சிறிய கார்புரேட்டர்கள் பலவற்றில் நீடிலின் இருக்கை உடலோடு பதிக்கப்பட்டது. அதில் கீறல் விழுந்தால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் உலோகப் பாலிஷ் தொட்டு மெல்லச் சுழற்றினால் போதும்.

கசியும் இணைப்பில் சிலிகான் பசை பூசுவது

பசை பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து, ஜெட்டை அடைக்கும்.

ஃப்ளோட்டின் நாக்கை வளைத்துக் கசிவை மறைப்பது

நாக்கைச் சற்று வளைத்து மட்டத்தைத் தாழ்த்தினால் சொட்டு நிற்கத்தான் செய்யும். ஆனால் மட்டம் தாழ்ந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அதிவேகத்தில் சூடேறிப் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஃப்ளோட்டின் உயரத்தை அந்தந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவுப்படியே வையுங்கள். அளக்கும்போது கார்புரேட்டரை முழுவதும் தலைகீழாகக் கவிழ்க்காமல், நாக்கு நீடிலின் சிறு ஸ்பிரிங்கைத் தொட்டும் அதை அமுக்காத அளவுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் எடுத்த அளவு தவறாகவே இருக்கும்.

கையில் கிடைத்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவர்

ஜப்பானிய வடிவமைப்பிலான கார்புரேட்டர்களின் திருகுத் தலை ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவில் இருக்கும். சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக அமராமல் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும்.

தொட்டியை மறந்துவிடுவது

நீடிலில் சிக்கிய துரு தொட்டியிலிருந்து வந்தது. தொட்டியைக் கழுவாமலும், டேப்பின் வலையைச் சுத்தம் செய்யாமலும் மாட்டினால் ஒரு மாதத்தில் மறுபடியும் சொட்டும். 2023ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் கொண்டு அக்காலத்து ரப்பர் பாகங்கள் செய்யப்படவில்லை. அவை உப்பவோ விரிசல் விடவோ கூடும். எத்தனால் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். பல வாரங்கள் நிறுத்திவைக்கப்போகும் வண்டியில் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

அந்த மாணவரின் வண்டியில் இரண்டு கோளாறுகளும் சேர்ந்தே இருந்தன. நீடிலின் முனையில் தடம் விழுந்திருந்தது, குழலின் அடியில் விரிசலும் இருந்தது. விரிசலுக்கு மேல் ஒரு சிறிய பித்தளை வளையத்தைச் செருகி ஈயம் வைத்துப் பற்றவைத்தோம், நீடிலை மாற்றினோம், கிராங்க் அறையில் நின்ற பெட்ரோலை வடித்தோம். கட்டுக்கம்பி கட்டிய குழாயை வெட்டியெறிந்துவிட்டுப் புதிய குழாய் ஒன்றைப் போட்டு, அதன் முனையைத் திறந்தபடியே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குப் பின்னால் தொங்கவிட்டோம். அன்றிரவு அதன் கீழே விரித்த செய்தித்தாள் காலையில் காய்ந்தே கிடந்தது.