4130 குழாயில் ஆர்கான் வெல்டிங்: மூட்டு விரிசல் விடாமல் பற்றவைப்பது எப்படி

வீட்டில் கட்டும் சிறு விமானங்கள் பலவற்றின் உடற்சட்டமும் எஞ்சின் மவுன்ட்டும் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) 4130 குரோமோலி எஃகுக் குழாயால் ஆனவை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பட்டறைகளில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடிக்கு ஆர்கான் வெல்டிங் செய்து பழகிய கை இதற்கும் உதவும். பழக்கங்களில் சிலவற்றை மட்டும் மாற்ற வேண்டும்.

காரணம் இதுதான். 4130-இல் கார்பன் 0.28 முதல் 0.33 சதவீதம், கூடவே ஒரு சதவீத அளவில் குரோமியமும் கொஞ்சம் மாலிப்டினமும் உண்டு. இந்த எஃகு செக்கச் சிவந்து சட்டென்று குளிர்ந்தால் கடினமாகி, வளையாமல் உடையும் தன்மைக்கு வந்துவிடும். அப்படி ஆவது வெல்டின் ஓரத்தில், நாம் உருக்காத குழாய்ப் பகுதி. மூட்டு விட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். வெல்ட் வரி அழகாக இருப்பதை வைத்து மூட்டை மதிப்பிடாதீர்கள்.

குழாயும் கம்பியும்

தையல் இல்லாத, நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) குழாயைச் சான்றிதழோடு வாங்குங்கள். தரக்குறியீடு ஏ.எம்.எஸ். 6360. பழகுவதற்கும் அதே குழாயின் துண்டுகளே வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் பழகாதீர்கள், துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல், கைக்கு வரும் பழக்கமும் வேறு.

நிரப்பு கம்பி இ.ஆர். 70 எஸ்-2, 1.6 மி.மீ. "குழாயைவிட வலு குறைந்த கம்பியா?" என்று புதியவர்கள் தயங்குவது இங்கேதான். வெல்ட் வரி குழாய்ச் சுவரைவிடத் தடிமனாக அமைகிறது. உருகும்போது குழாயிலிருந்து கார்பனும் குரோமியமும் கொஞ்சம் கலந்து வரியின் வலுவும் கூடுகிறது. மென்மையான கம்பி இழுபட்டுக் கொடுப்பதால் ஓரத்தில் விரிசல் விழும் வாய்ப்பு குறைகிறது. 4130 கம்பி, முழுச் சட்டத்தையும் பின்னர் வெப்பப் பதப்படுத்துபவர்களுக்கானது. பட்டறையில் கைக்கு எட்டும் 308 எஸ்.எஸ். கம்பியைத் தொடவே வேண்டாம். இந்த எஃகோடு கலந்தால் வரியே விரிசல் விட்டு உடையக்கூடும்.

சுத்தம்

விரிசலுக்கு மூன்று சங்கதிகள் ஒன்றுசேர வேண்டும்: கடினமான ஓரம், குளிரும்போது வரும் இழுவிசை, உலோகத்துக்குள் புகுந்த ஹைட்ரஜன். முதல் இரண்டை முழுதாக ஒழிக்க முடியாது. மூன்றாவது நம் கையில். ஹைட்ரஜன் வருவது எண்ணெய், துரு, ஈரம் இவற்றிலிருந்து. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் தேய்த்து வைத்த குழாய் மறுநாளே துரு பூக்கும். ஆகவே பற்றவைக்கும் அன்றே, மூட்டிலிருந்து 25 மி.மீ. வரை வெளிப்புறமும் எட்டும்வரை உட்புறமும் எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை படிவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். கம்பியையும் துடையுங்கள். குளோரின் கலந்த கிளீனர் ஸ்ப்ரே கூடாது. ஆர்க்கின் (டார்ச் நுனியில் எரியும் மின்சுடர்) ஒளியில் அது பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். மழைநாளில் குழாய் வியர்த்திருந்தால் ஹீட் கன்னால் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சிவிடுங்கள். 3 மி.மீ.க்கு உட்பட்ட சுவருக்கு அதற்கு மேல் முன்சூடு தேவையில்லை.

மீன்வாய் வெட்டு

குழாய் நுனியை அரைவட்ட அரத்தால் மீன்வாய் போல் குடைந்து, எதிர்க்குழாயில் உட்கார வையுங்கள். இடைவெளி எங்கும் 0.8 மி.மீ.ஐத் தாண்டக்கூடாது. இடைவெளியைக் கம்பியால் நிரப்பினால் சூடு கூடும், சுருக்கமும் கூடும், இழுவிசையும் கூடும். அவசரப்பட்டு வெட்டிய மூட்டைக் கழித்துவிட்டு வேறு வெட்டுவதே லாபம்.

பற்றவைப்பு

0.9 மி.மீ. சுவருக்கு 35 முதல் 45 ஆம்பியர். டி.சி., டார்ச் மைனஸில். டார்ச் நுனியில் நிற்கும் டங்ஸ்டன் ஊசி 1.6 மி.மீ., கூராகத் தீட்டியது. ஆர்கான் வாயு நிமிடத்துக்கு 7 முதல் 9 லிட்டர்.

காற்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரிய எதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடியில் திறந்த கொட்டகையில் இந்த வேலை ஆகாது. ஃபேனையும் நிறுத்துங்கள். ஆர்கான் போர்வை கலைந்தால் வரியில் துளை விழும். குளிர்காற்று பட்டால் ஓரம் சட்டென்று இறுகும். ஒரே காற்றால் இரண்டு கேடு.

ஒவ்வொரு மூட்டுக்கும் எதிரெதிராக நான்கு டாக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டுப் புள்ளி). முழுச் சட்டத்தையும் டாக் அடித்து அளவு சரிபார்த்த பின்பே முழு வெல்டிங். ஒரு மூட்டில் கால்வட்டம் போட்டதும் எதிர்ப்பக்கம் போங்கள், சட்டம் கோணாது. டாக்கின் மேல் போகும்போது அதை முழுதாக உருக்கிச் செல்லுங்கள். வரியின் ஓரத்தில் பள்ளம் விழவிடாதீர்கள்: 0.2 மி.மீ. பள்ளம் என்பது 0.9 மி.மீ. சுவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனது. எஞ்சின் அதிர்வில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

முடிக்கும்போது மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலைச் சட்டென்று விடாதீர்கள். கம்பியை ஒரு சொட்டு கூடுதலாகக் கொடுத்து, மின்னோட்டத்தை மெல்லக் குறையுங்கள். இல்லாவிட்டால் கடைசிக் குழியில் நட்சத்திரக் கீறல் விழும். ஆர்க் அணைந்த பிறகும் எட்டு விநாடி டார்ச் அங்கேயே நிற்கட்டும். தண்ணீரோ ஈரத்துணியோ காட்டாமல் தானாக ஆறவிடுங்கள்.

இருபுறமும் அடைபட்ட குழாயில் சூடான காற்று விரிந்து கடைசி உருகலை ஊதித் தள்ளிவிடும். வலு குறையாத இடமாகப் பார்த்து 3 மி.மீ. துளை ஒன்றை முன்பே போட்டு வையுங்கள்.

சோதனை

விமானத்தைத் தொடும் முன் இருபது மூட்டாவது பழகுங்கள். அவற்றைப் பெஞ்ச் வைஸில் பிடித்து நெம்பி உடையுங்கள். குழாய் மடங்கிக் கிழிந்தால் நல்ல மூட்டு. வெல்ட் ஓரத்தில் மடங்காமல் பட்டென்று விட்டால், சுத்தத்தையும் காற்றையும் பாருங்கள். இரண்டு மூட்டை நெடுக்காக அறுத்து, வேர்வரை (மூட்டின் அடிவரை) உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சட்டத்தின் மூட்டுகளை ஒரு நாள் கழித்துச் சோதிப்பது நல்லது, ஹைட்ரஜன் விரிசல் தாமதமாகத்தான் வெளிப்படும். கீறலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் டை பெனட்ரன்ட்டின் சிவப்பு மையைப் பூசிப் பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் கீறல் சிவப்புக் கோடாகத் தெரியும். கீறலின் மேல் இன்னொரு வரி ஓட்டுவது தவறு. பழைய வெல்டை முழுதாக நீக்கிவிட்டுப் போடுங்கள். அழகுக்காக வரியைக் கிரைண்டரால் மட்டம் தட்டுவதும் சுவரைத் தின்னும்.

பிறகு சாண்ட் பிளாஸ்ட் செய்து அன்றைக்கே எபாக்சி பிரைமர். முன்பு போட்ட துளை வழியே ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, சட்டத்தைப் புரட்டி, மிச்சத்தை வடித்து, துளையைத் திருகால் அடையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது, தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.