மோர்ஸ் வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோவில், புள்ளி-கோடு ஒலிக் குறியீடான மோர்ஸ் பேச்சை எடுத்தாலே இரண்டு அணி பிரிந்துவிடுகிறது. 'அது காலாவதி' என்கிறது ஒன்று. 'அது தெரியாதவர் ஹாமே இல்லை' என்கிறது மற்றொன்று. இரண்டையும் கேட்டுவிட்டு, ஒரு நாள்கூட மோர்ஸ் ஒலியைக் கேட்காமலே ஒதுங்கிப்போகும் புதியவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

பெரும்பாலோர் முதலில் சறுக்கும் இடம், உரிமத் தேர்வையும் மோர்ஸின் பயன்பாட்டையும் ஒன்றாக்கிக்கொள்வது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்க மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயம் 2003இல் ஜெனீவா மாநாட்டில் நீங்கியது. அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்றானது. அமெரிக்கா 2007இல் தேர்வை முழுதாக விட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் போனது கட்டாயம் மட்டும்தான். ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் ஹாம்களுக்கான சி.க்யூ. உலகப் போட்டியின் மோர்ஸ் பிரிவு நடக்கும்போது ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள், காலி இடம் கிடைப்பதே கஷ்டம்.

'கப்பல்களே மோர்ஸை 1999இல் கைவிட்டுவிட்டனவே' என்பதும் பொருந்தாத வாதம். தனியாக ஒரு ரேடியோ அதிகாரி இல்லாமலே ஆபத்து அழைப்பு போக வேண்டும் என்பது கப்பலின் தேவை. ஹாமுக்கு, தானே உட்கார்ந்து இயக்குவதில்தான் விருப்பம்.

மோர்ஸ் பிரியர்களும் ஒரு பழைய வசனத்தை விட வேண்டும்: 'மோர்ஸைப் போல மெல்லிய சிக்னல் வேறு எதிலும் எடுபடாது.' குரலோடு ஒப்பிட்டால் அது உண்மை. ஹாம்கள் வழக்கமாகப் பேசும் எஸ்.எஸ்.பி. முறைக் குரலுக்குச் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 போதும். குறுகிய வடிகட்டி இரைச்சலையும் குறைத்துவிடும். ஆனால் 2017இல் வந்த எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை, காதுக்கே எட்டாத சிக்னலைக்கூடப் படித்துவிடுகிறது. அதற்குக் கணினியும் துல்லியமான கடிகாரமும் வேண்டும், வழக்கமாக அதில் பரிமாறுவதும் அழைப்புக்குறி, இருப்பிடம், சிக்னல் அளவு, அவ்வளவுதான். மோர்ஸில் சில உதிரி பாகங்களால் கட்டிய 5 வாட் பெட்டியோடு மனிதரிடம் நிதானமாகப் பேசலாம். வாதாடுவதானால் இதை வைத்து வாதாடுங்கள்.

அவசரகாலத்துக்காக மட்டும் கற்பதும் வேண்டாம். மறுமுனையிலும் மோர்ஸ் தெரிந்தவர் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கக் கூடாது.

சரி, கற்க முடிவு செய்தாயிற்று. இங்கேதான் நிறையப் பேர் பாதியில் நின்றுபோகிறார்கள். காரணம், புள்ளியும் கோடும் போட்ட அட்டவணை. அதைக் கண்ணால் மனப்பாடம் செய்தால், கேட்ட ஒலியை எண்ணி, அட்டவணையில் தேடி, எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். 'டா டா டி டா' (கோடு, கோடு, புள்ளி, கோடு: Q எழுத்து) என்பதை நான்கு துண்டாக எண்ணாமல், ஒரே மெட்டாகக் கேட்டுப் பழகுங்கள்.

மெதுவான வேகத்தில் தொடங்குவதும் அதே குழியில்தான் தள்ளும். ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பயிற்சி முறையில் எழுத்து நிமிடத்துக்கு 15, 20 சொல் வேகத்தில் ஒலிக்கும், இடைவெளி மட்டும் நீளும். கோக் முறையில் முழு வேகத்தில் இரண்டே எழுத்தில் தொடங்கி, 90 சதவீதம் சரியாக வந்தபின் அடுத்ததைச் சேர்ப்பார்கள். எதுவானாலும் தினமும் கொஞ்ச நேரம் போதும்.

அப்புறம், உங்களால் கேட்டு எழுத முடிகிற வேகத்தைத் தாண்டி அனுப்பாதீர்கள். பதில் பெரும்பாலும் நீங்கள் அழைத்த வேகத்திலேயே வரும். வேகமாக வந்துவிட்டால் 'க்யூ.ஆர்.எஸ்.' என்று அனுப்புங்கள். மெதுவாக அனுப்பச் சொல்லும் குறியீடு அது. அனுபவசாலிகள் தயங்காமல் வேகத்தைக் குறைப்பார்கள்.