கொழும்பு வணிகச் சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் தங்கள் விண்ணப்பக் கடிதத்தை எனக்கு அனுப்பி, "ஒருக்காப் பார்த்துத் தாங்கோ அக்கா" என்பார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் எழுதிய அதே வரிகள் அப்படியே திரும்பி வரும். எழுத்துப்பிழை, நிறுவனத்தின் பெயரை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

நிறுவனத்துக்கே அதன் வரலாற்றைச் சொல்வது

எப்.ஜே. அன்ட் ஜி. டி சேரம் 1841இல் தொடங்கியது. ஜூலியஸ் அன்ட் கிறீசி 1879இல் தொடங்கியது. சரி, அங்கே இருக்கிற பங்காளர்களுக்கு இது தெரியாதா? முதல் பந்தியை இதில் செலவழிக்காதீர்கள். அவர்கள் செய்கிற வேலையில் எந்தப் பகுதியை உங்களால் வந்த நாளிலிருந்தே செய்ய முடியும் என்று எழுதுங்கள்.

ஊரில் பழகிய வேலையை மறைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற தவறு இதுதான்.

வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கடிதம் அனுப்பியிருந்தாள். கொம்பனிகளை இணைப்பது, வாங்குவது பற்றி அரைப் பக்கம், எல்லாம் ஆர்வம் மட்டும். சீனியரிடம் பயிலுனராக இருந்த ஆறு மாதத்துக்கு ஒரே வரி: "சிவில் வழக்குகளில் உதவினேன்." கூப்பிட்டு, அங்கே உண்மையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் கதை வந்தது.

வியாபாரி ஒருவர் காணியை ஈடு வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். காணி யாருக்குச் சொந்தம், அதில் வில்லங்கம் உண்டா என்று வங்கிக்கு உரித்து அறிக்கை கொடுக்க வேண்டியவர் இவளுடைய சீனியர். காணிப் பதிவகத்துக்குப் போய் ஏடுகளைப் புரட்டியது இவள். உறுதிகள் எல்லாம் வரிசையாக, சரியாகத்தான் இருந்தன. ஓர் ஏட்டின் அடியில், பதிவு வேறொரு ஏட்டில் தொடர்வதாகச் சின்னக் குறிப்பு ஒன்று, மை மங்கிப்போய்க் கிடந்தது. அந்தப் புத்தகத்தையும் எடுப்பித்துப் பார்த்தாள். அதில் பாகப்பிரிவினை வழக்கொன்று பதியப்பட்டிருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, வழக்கை அப்படிப் பதிந்த பிறகு, அது முடியும்வரை அந்தக் காணியின் பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. வைத்தால் செல்லாது. அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வங்கியின் கையில் வெறும் கடதாசிதான் மிஞ்சியிருக்கும்.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது காணிக் கந்தோர் வேலை தானே அக்கா. கொழும்பில அதை ஆர் கேக்கப்போகினம்?"

அதைத்தான் கேட்பார்கள். ஒரு கொம்பனியை வாங்கமுன் அதன் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பதற்குத்தான் டியூ டிலிஜன்ஸ் என்று பெயர். புதிதாகச் சேரும் ஜூனியரின் மேசைக்குப் பெரும்பாலும் முதலில் வருவது அந்த வேலைதான். ஆர்வம் இருப்பதாக யாரும் எழுதலாம். மங்கிய குறிப்பைப் பின்தொடர்ந்து அடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் அப்படித்தான். வடக்கில் காணி வாங்குகிற, கிளை திறக்கிற, கடன் கொடுக்கிற கட்சிக்காரருக்கு, இந்தக் காணி பரம்பரையாக வந்த முதுசமா, சீதனமா, கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டமா என்று கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். பங்குக் காணியை வெளியாளுக்கு விற்கமுன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதை நீங்கள் பரீட்சைக்காக மட்டும் படிக்கவில்லை. வீட்டு விறாந்தையில் பெரியவர்கள் சண்டை பிடிக்கும்போதே கேட்டு வளர்ந்தீர்கள். அதைக் கடிதத்தில் காணவில்லை என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்த அரைப் பக்கத்தை வெட்டிவிட்டு இப்படி எழுதினோம்: "வங்கிக் கடன் ஒன்றுக்காக உரித்துத் தேடியபோது, தொடர் ஏட்டில் பதியப்பட்டிருந்த பாகப்பிரிவினை வழக்கைக் கண்டு சீனியருக்கு அறிவித்தேன். அவர் அறிக்கையை நிறுத்திவைத்து வங்கிக்கு எழுதினார்." இரண்டே வசனம். நேர்முகத்தில் பாதி நேரம் அந்த ஏட்டைப் பற்றியே கேட்டார்களாம்.

ஒன்று கவனம். கண்டது நீங்கள் என்றால் மட்டும் அப்படி எழுதுங்கள். சீனியர் செய்ததை உங்கள் கணக்கில் போட்டால் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடுவீர்கள்.

கட்சிக்காரரின் பெயரை எழுதுவது

கூடவே கூடாது. 'ஒரு வங்கி', 'ஒரு வியாபாரி' போதும். இரகசியம் காக்கத் தெரியாதவர் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

பத்திரிகைச் செய்தியை வணிக அறிவாகக் காட்டுவது

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. இதைப் பந்தி பந்தியாக எழுதி அனுப்புகிறார்கள். வாசிக்கிறவரும் அந்த ஆண்டை இந்த நாட்டில்தானே கழித்தார்? 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது, டொலரில் விலை பேசிச் சாமான் இறக்கி ரூபாயில் விற்கிற கஸ்தூரியார் வீதிக் கடைக்காரருக்கு என்ன நடந்தது? ஒப்பந்தப்படி அந்த நட்டம் யார் தலையில் விழும்? வங்கி எல்.சி. (இறக்குமதிக்கான கடன் கடிதம்) திறக்க மறுத்ததால் சாமான் வரவில்லை என்றால், அதைச் சாட்டாகச் சொல்லி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியுமா? இதில் ஒரு கேள்வியை எடுத்து நாலு வரி யோசித்து எழுதினால் போதும்.

இரண்டாம் பக்கம்

வேண்டாம்.

ஒரே கடிதத்தைப் பத்து இடத்துக்கு அனுப்புவது

வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

கேட்காமல் சீனியரின் பெயரைப் போடுவது

உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்டால், முதல் பெயராக சீனியரைப் போட்டுவிடுகிறீர்கள். கொழும்பிலிருந்து அழைப்பு வரும்போது அவர் நீதிமன்ற வாசலில் கட்சிக்காரரோடு நிற்பார். எந்த நிறுவனம், என்ன வேலை என்று தெரியாமல் "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அனுப்பமுன் நேரில் போய்க் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்து, எந்தக் கோப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.