டைவ் கம்ப்யூட்டர் பேட்டரியைத் தின்ற உப்பு

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவ் முடிந்து பையில் போட்ட பிறகும், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் என் மணிக்கட்டு டைவ் கம்ப்யூட்டர் அணையவில்லை. புது பேட்டரியும் மளமளவெனத் தீர்ந்தது. பக்கவாட்டிலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளைத் தண்ணீர் இணைத்தால் விழிக்கும் மாடல் இது. அங்கே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்தே இரண்டு புள்ளிகளையும் இணைத்துவிடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன்.

பிறகு புது சிஆர் 2450 பேட்டரி, புது ஓ-ரிங் (மூடி வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). சிலிகான் கிரீஸ் பளபளக்கும் அளவுக்கு மட்டும் (அப்பினால் மணல் ஒட்டும்). ஒற்றை முடி சிக்கினாலும் தண்ணீர் இறங்கிவிடும். மூடியதும் டம்ளர் தண்ணீரில் முக்கினேன்; குமிழி வரவில்லை. இப்போது கரையேறி உலர்ந்ததும் தானே அணைகிறது.

ஒரு எச்சரிக்கை: பேட்டரியைக் கழற்றினால் சில மாடல்களில், முந்தைய டைவில் உடலில் தங்கிய நைட்ரஜனுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கணக்கு அழிந்துவிடும். இரண்டு டைவ்களுக்கு நடுவே மாற்றாதீர்கள்.