மதுரையில் வீடு பிடிக்கிறீர்களா? வாடகையைக் கடைசியில் கேளுங்கள்

செல்போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு "மதுரையில் வாடகை இவ்வளவுதான்" என்று கணக்குப் போடுவதில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். விளாங்குடியிலும் வில்லாபுரத்திலும் நல்ல மாடிவீடுகள் இன்னமும் கேட்டில் தொங்கும் 'வீடு வாடகைக்கு' அட்டையிலும், மளிகைக்கடை அண்ணாச்சியின் வாய்ச்சொல்லிலும்தான் கைமாறுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றுங்கள். ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் வித்தியாசம் இருப்பது தெரியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், மாசி வீதிகளுக்குள் அடுக்குமாடி தேடி அலைவதில் பயனில்லை.

எந்த மாதத்தில் தேடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வைகாசியில், பள்ளிக்கூடம் திறக்கும் அவசரத்தில் வந்தால் வீட்டுக்காரர் சொன்னதுதான் விலை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகும் வீடு சும்மா கிடக்கும். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் குடிபோகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், வாடகை கொஞ்சம் இறங்கிவரும்.

இன்னொன்று, நாளைக்கு வரப்போவதற்கு இன்றைக்கே காசு கொடுப்பது. தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நட்டதிலிருந்து "எய்ம்ஸ் வருது சார்" என்ற பேச்சு திருநகர், திருப்பரங்குன்றம் பக்கம் ஓயவில்லை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை மெட்ரோ என்றார்கள்; அந்தத் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. வரப்போவதை நம்பி மனை வாங்குகிறவர் விலை கூடினால் லாபம் பார்ப்பார். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும்? இன்றைக்கு ஓடும் பஸ்ஸும் இன்றைக்கு வரும் தண்ணீரும்தான் அவருக்குக் கணக்கு. நத்தம் சாலை வேறு கதை. 2023-இல் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் திறந்தார்கள், அதே ஆண்டு கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்தது. ஊமச்சிகுளம் பக்கத்திலிருந்து நகருக்குள் வருவது நிஜமாகவே சுலபமாகிவிட்டது. அங்கே கூடுதலாகக் கேட்டால் ஒரு நியாயம் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் வீட்டுக்காரரை நம்ப வேண்டாம். குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரிக்கு யார் காசு என்று கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வரும். மழையையும் சேர்த்துக் கேளுங்கள். 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. கண்மாய்க்கும் பந்தல்குடி வாய்க்காலுக்கும் பக்கத்தில் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால், அன்றைக்குத் தண்ணீர் சுவரில் எதுவரை ஏறியது என்று தெரிந்துகொண்டு பிறகு பேசுங்கள்.

இனி ஒத்தி. மதுரையில் பெரிய பணம் போவது இங்கேதான். ஆறு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். கையில் சேமிப்பு இருப்பவருக்கு லாபம்தான். அதே பணம் வங்கியில் 7 சதவீதத்தில் கிடந்தால் மாதம் 3,500 ரூபாய் வரும். அந்த வீட்டுக்கு வாடகை 9,000 என்றால் மிச்சம் உங்களுடையது. ஆனால் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு, கடன் வாங்கி ஒத்திக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு லட்சத்துக்கு இரண்டு வட்டி மாதம் 12,000. வாடகைக்கே இருந்திருக்கலாமே!

அதைவிடப் பெரிய தவறு, பத்திரம் பார்க்காமல் பணத்தைக் கொடுப்பது. ஒத்திக்கு விடுகிறவருக்குப் பெரும்பாலும் அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாமா? வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை நின்றுபோய், ஏலத்துக்கு வந்தால் உங்களுக்கு முன்னால் வங்கி நிற்கும். வீட்டின் மேல் பதிவான கடன் ஏதும் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். தனியாரிடம் கைமாற்றாகப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் அதில் வராது, அதனால் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. முத்திரைத்தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பார்கள். போதாது. வீட்டை ஈடாக வைக்கும் ஒத்தி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் சட்டப்படி அடமானமாக நிற்கும். பதிவுச்செலவுக்கு யோசிக்கிறவர்கள் ஆறு லட்சத்தை மட்டும் யோசிக்காமல் நீட்டிவிடுகிறார்கள்.

"அடுத்த ஆள் வந்ததும் உங்க பணத்தத் தந்துர்றேன்" என்ற வாசகமும் ஊரில் சகஜம். அடுத்த ஆள் வராவிட்டால்? எந்தத் தேதிக்குள் பணம் வரும், அதுவரை வீட்டில் இருக்கலாமா என்பதை எழுதி வாங்குங்கள். இன்னொரு சின்ன விஷயம்: ஒத்திக்கு வாடகை ரசீது கிடையாது, சம்பளக்காரர்கள் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்க முடியாது.

சாதாரண வாடகைக்கு வந்தால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மாநில வாடகைச் சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்தச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். அதனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதினோரு மாதம் என்று எழுதிவிட்டால் பதிவே வேண்டாம் என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும்.

காலி செய்யும்போது "பெயின்ட் அடிக்கணும்" என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே எழுதப்படாத சட்டம். எவ்வளவு பிடிப்பார் என்று முதல் நாளே பேசிவிடலாம். கரன்ட் பில்லுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்றும் கேளுங்கள். தனி இணைப்பு என்றால் அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கே வரும். சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இத்தனை என்று அவர் வைத்ததைத்தான் வாங்குவார். சாவி வாங்கும் நாளில் மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட்டை அவர் முன்னாலேயே படம் எடுத்து, அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள்.