ஜென்டூ லினக்ஸில் ஓப்பன்ஆர்சியிலிருந்து சிஸ்டம்டிக்கு மாறும் முறை

கணினியை இயக்கியதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் முதலில் தொடங்கும் செயன்முறை இனிட் ஆகும். ஏனைய சேவைகள் அனைத்தும் அதன் பின்னரே எழுகின்றன. பொதிகளை (மென்பொருள்களை) பெரும்பாலும் மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் ஜென்டூ லினக்ஸின் இயல்பான இனிட் ஓப்பன்ஆர்சி எனினும், விரும்பியவர் சிஸ்டம்டி என்ற மற்றோர் இனிட்டையும் முழுமையாகப் பயன்படுத்தலாம். 2015இல் வெளிவந்த டெபியன் 8 முதற்கொண்டு டெபியனும், அதே ஆண்டு முதல் உபுண்டுவும் சிஸ்டம்டியையே இயல்பாகக் கொண்டிருப்பதால், கொழும்பில் அலுவலகச் சேர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு அது அன்றாடம் கையாளும் கருவியாகிவிட்டது. வீட்டிலுள்ள ஜென்டூ கணினியும் அதே முறையில் இயங்க வேண்டும் என்று அவர்கள் எண்ணுவது இயற்கையே. அவர்களை மனதில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

இம்மாற்றத்தில் பெரும்பகுதி வேலை பொதித் தெரிவுகளில், அதாவது ஒரு பொதியில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் யூஸ் கொடிகளில்தான் இருக்கிறது. புதிய இனிட் பிழையின்றி எழுந்துவிட்டது உறுதியாகும்வரை பழைய இனிட்டை அகற்றாமல் வைத்திருப்பதே நான் வலியுறுத்த விரும்பும் ஒரே விதி. கீழே கூறப்படும் வரிசை அந்த விதியைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் 'ஆர்சி-அப்டேட் ஷோ' கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். எந்தெந்தச் சேவைகள் தானாகத் தொடங்குகின்றன என்பதற்கான பட்டியல் அதுவே. பிறகு சிஸ்டம்டியில் அவற்றை ஒவ்வொன்றாக இயக்கும்போது அது இல்லாமல் நினைவை நம்பியிருக்க நேரிடும்.

அடுத்தது புரொஃபைல், அதாவது கணினிக்குரிய இயல்புத் தெரிவுகளைத் தரும் அடிப்படை அமைவு. 'ஈசெலக்ட் புரொஃபைல் லிஸ்ட்' கட்டளை தரும் பட்டியலில், நீங்கள் இப்போது பயன்படுத்தும் புரொஃபைலின் பெயரோடு சிஸ்டம்டி என்ற சொல்லும் சேர்ந்த இணையைக் கண்டுபிடித்து, அதன் எண்ணை 'செட்' கட்டளையுடன் கொடுங்கள். மேசைக் கணினிக்கான 23.0 புரொஃபைலில் இருப்பவர் அதே 23.0இன் சிஸ்டம்டி வடிவத்தையே தெரிவு செய்ய வேண்டும். பதிப்பையும் இனிட்டையும் ஒரே நாளில் மாற்றினால், பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம்.

இனி யூஸ் கொடிகளுக்கு வருவோம். புரொஃபைல் சொல்வதை 'மேக் டொட் கொன்ஃப்' கோப்பு மீறும். அக்கோப்பு சொல்வதை 'பேக்கேஜ் டொட் யூஸ்' அடைவிலுள்ள கோப்புகள் மீறும். ஆகவே 'மேக் டொட் கொன்ஃப்' கோப்பில் முன்னொரு காலத்தில் நீங்களே எழுதிய 'ஈலொகைன்ட்' (சிஸ்டம்டி இல்லாத கணினிகளில் உள்நுழைவுகளை நிர்வகிப்பது) என்ற கொடியோ, வேண்டாம் என்று பொருள்படும் கழித்தற்குறியுடன் கூடிய 'சிஸ்டம்டி' என்ற கொடியோ எஞ்சியிருந்தால், புரொஃபைலை மாற்றியும் பயனில்லை. அவ்விரண்டையும் நீக்கிவிடுங்கள். உள்நுழைவு அமைப்புக்குரிய 'பேம்பேஸ்' பொதி இதற்கு நல்ல உதாரணம்: ஈலொகைன்ட், சிஸ்டம்டி ஆகிய இரண்டில் ஒன்றையே அது ஏற்கும், இரண்டும் சேர்ந்து வந்தால் ஜென்டூவின் பொதி நிர்வாகியான போர்டேஜ் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

பழைய வழியைத் திறந்து வைப்பதற்கான கொடியும் உண்டு. சிஸ்டம்டி பொதியின் 'சிஸ்வி-யூட்டில்ஸ்' கொடி இயங்கு நிலையில் இருந்தால், இனிட், ஷட்டவுன், ரீபூட் முதலிய கட்டளைகளைச் சிஸ்டம்டியே தன்வசமாக்கிக்கொள்ளும். அதனால் ஓப்பன்ஆர்சி எழுவதற்கான இனிட் கோப்பைத் தரும் பழைய சிஸ்வி-இனிட் பொதி அகற்றப்படும். எனவே 'பேக்கேஜ் டொட் யூஸ்' அடைவில் சிஸ்டம்டிக்கென ஒரு கோப்பைத் தொடங்கி, அதில் இக்கொடியைக் கழித்தற்குறியுடன் எழுதுங்கள். கொடிகளை, பொதிகளை நிறுவும் எமெர்ஜ் கட்டளையின் முன்னால் எழுதி அப்போதைக்கு வேலையை முடித்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் உண்டு. அவ்வாறு கொடுத்த தெரிவு எங்கும் பதியப்படாததால், அடுத்த புதுப்பிப்பில் பொதி பழைய நிலைக்கே திரும்பிவிடும். கொடி எதுவாயினும் கோப்பில் எழுதுவதே முறை.

கொடிகள் சரியானதும், எமெர்ஜ் கட்டளையை 'அப்டேட்', 'டீப்', 'நியூயூஸ்' ஆகிய தெரிவுகளுடன் 'வேர்ல்ட்' தொகுதியின் (நிறுவிய பொதிகள் அனைத்தின்) மீது, முதலில் எதையும் நிறுவாமல் காட்ட மட்டும் செய்யும் 'ப்ரிடென்ட்', விவரமாகக் காட்டும் 'வெர்போஸ்' ஆகியவற்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வெளியீட்டில் நட்சத்திரக் குறியுடன் காணப்படும் கொடிகள் நிலை மாறியவை. 'பேம்பேஸ்' வரியில் சிஸ்டம்டி கொடி நட்சத்திரத்துடன் இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே உண்மையான தொகுப்புக்குச் செல்லுங்கள்.

இங்கே மின்சாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2022இல் நாம் கண்ட நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லையெனினும், பல மணிநேரம் தொடரும் தொகுப்பு இடையில் நிற்கக்கூடும். 'ஃபெட்ச்ஒன்லி' தெரிவுடன் மூலக்கோப்புகளை மட்டும் முன்கூட்டியே இறக்கிவைக்கலாம். இரவுநேரத் தரவு கூடுதலாக உள்ள இணைப்புகளில் இதனை இரவில் செய்வது சிக்கனம். மின்சாரம் நின்றுபோனால் 'ரெசூம்' தெரிவு எஞ்சிய பொதிகளிலிருந்து தொடரும். இடையில் அறுந்த பொதி மட்டும் ஆரம்பத்திலிருந்து தொகுக்கப்படும். 2023 டிசம்பரில் ஜென்டூ அறிவித்த, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட ஆயத்த இருமப் பொதிகளும் பெரிதும் உதவும். ஆனால் உங்கள் கொடிகள் அவற்றின் கொடிகளோடு பொருந்தினால்தான் அவை பயன்படும். ஆகவே தேவையற்ற கொடிகளை அள்ளிக் குவிக்காமல் புரொஃபைலின் இயல்புக்கு அருகில் நிற்பது நேரத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்.

ஜென்டூ வழங்கும் ஆயத்தக் கர்னலைப் பயன்படுத்துவோருக்குக் கர்னலில் மாற்ற ஒன்றுமில்லை. சொந்தமாகத் தொகுப்பவர்கள் ஜென்டூவுக்குரிய பட்டியலில் சிஸ்டம்டி ஆதரவை இயக்கிவிட்டு மீண்டும் தொகுக்க வேண்டும்.

இப்போது மறுதொடக்கம். கர்னலை ஏற்றும் நிரலான க்ரப்பின் பட்டியல் திரையில் தோன்றியதும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு, 'இனிட்' என்று எழுதிச் சமக்குறி இட்டு, 'யுஎஸ்ஆர்' அடைவின் 'லிப்' அடைவிலுள்ள சிஸ்டம்டி அடைவில் அதே பெயரில் இருக்கும் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். பின்னர் கன்ட்ரோல் விசையுடன் 'எக்ஸ்' விசையை அழுத்துங்கள். இந்தத் திருத்தம் ஒருமுறைக்கே செல்லும். ஏதேனும் தவறினால் கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் போதும். ஓப்பன்ஆர்சி வழமைபோல் எழும். வரைகலை உள்நுழைவு அப்போது இயங்காமற் போகலாம். ஆயினும் எழுத்து முனையத்தில் நுழைந்து பிழையைத் திருத்த முடியும். இப்பணியைத் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்ய வேண்டாம். வலையமைப்புச் சேவை எழாவிட்டால் கணினியை அணுக வழியே இருக்காது.

சிஸ்டம்டி எழுந்ததும், 'சிஸ்டம்டி-மெஷின்-ஐடி-செட்டப்' கட்டளையை இயக்கிவிட்டு, சேமித்து வைத்த பட்டியலை எடுத்து ஒவ்வொரு சேவையையும் 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' கொண்டு இயக்குங்கள். ஓப்பன்ஆர்சியின் 'நெட்' தொடக்கக் கோப்புகள் இங்கே வேலை செய்யாது; அவற்றின் இடத்தில் நெட்வேர்க்மேனேஜரையோ சிஸ்டம்டி-நெட்வேர்க்டியையோ அமைக்க வேண்டும். 'கொன்ஃப் டொட் டி' அடைவில் இருந்த கணினிப் பெயர், விசைப்பலகை ஆகியவற்றையும் 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்', 'லோக்கேல்சிடிஎல்' வழியாகப் புதிதாகக் கொடுங்கள்.

நேர வலயத்தை 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் ஆசியா/கொழும்பு என்றே அமையுங்கள். ஐந்தரை மணி என்று எண்ணால் கொடுப்பது தவறு. இலங்கையின் நேரம் 1996இல் இருமுறையும் 2006 ஏப்ரலில் ஒருமுறையும் மாற்றப்பட்டது. அக்காலத்துக் கோப்புகளின் நேரத்தைச் சரியாகக் காட்ட அந்த வரலாறு வலயப் பெயருக்குள் மட்டுமே பதிந்துள்ளது.

சிஸ்டம்டியின் பதிவுகளைக் காட்டும் 'ஜேர்னல்சிடிஎல்' வெளியீட்டில் இந்தத் தொடக்கத்துக்குரிய பிழைகளை மட்டும் வடிகட்டிப் படியுங்கள். சில நாட்கள் சிக்கலின்றி ஓடிய பின்னர், 'பேக்கேஜ் டொட் யூஸ்' கோப்பில் எழுதிய கழித்தற்குறி வரியை நீக்கி, 'வேர்ல்ட்' தொகுதியை மறுபடி புதுப்பியுங்கள். இப்போது இனிட் கோப்பே சிஸ்டம்டியைச் சுட்டும் என்பதால் க்ரப்பில் நிரந்தர வரி எதுவும் தேவைப்படாது. அதன் பிறகே இனித் தேவைப்படாத பொதிகளை அகற்றும் 'டெப்க்ளீன்' கட்டளையை ஓட்ட வேண்டும். அகற்றப்படவுள்ள பொதிகளின் பட்டியலை முதலில் 'ப்ரிடென்ட்' தெரிவுடன் பார்த்து, ஓப்பன்ஆர்சி உட்பட நீங்கள் எதிர்பார்த்தவை மட்டுமே அதில் இருக்கின்றன என்று உறுதிசெய்த பின்னர் அனுமதி கொடுங்கள்.